ஓடிய தூரம்

2025 பிறந்து நாலாவது நாள். மார்கழிப் பனி விலகாத காலையில் என் மச்சினன் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் வேகம் தெரியாமலே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினான்.

“ஸ்பீடு எவ்ளோன்னு எப்படிடா தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“பக்கத்துல போற பஸ்ஸை வெச்சுதான் மாமா” என்றான்.

சாவியைத் திருப்பிக் காட்டினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டர் முழுக்க இருட்டு. முள் எல்லாம் படுத்துக் கிடந்தன. நடுவில் கிலோமீட்டர் காட்டும் சின்ன டிஸ்ப்ளேயில் ஒரு எழுத்து இல்லை. இருவரும் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு மறுபடி சாவி போட்டபோது முட்கள் நடுங்கி எழுந்து விழுந்தன. டிஸ்ப்ளே ஒரு நொடி சாம்பலாகத் தெரிந்து மறைந்தது. பதினோரு மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் எரிந்தன.

“பாத்தீங்களா, உங்க கடைக்கு வந்ததும் நல்லாயிடுச்சு. நாளைக்குக் காலைல மறுபடியும் படுத்துக்கும். ஒரு மாசமா இதே கதைதான். புயல்ல தண்ணி பூந்துடுச்சு மாமா.”

புயல் என்று அவன் சொன்னது ஃபெஞ்சலை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த அந்தப் புயல், கடந்தும் போகாமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதில் ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை கரை மீறி, அரசூர் பக்கம் நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எது கெட்டாலும் புயல்தான் காரணம். மிக்ஸி ஓடவில்லையா, புயல். டிவியில் கோடு விழுகிறதா, புயல். மச்சினனும் அதையே சொன்னான்.

அவன் அவசரத்துக்குக் காரணம் வேறு. வண்டியை விற்க வேண்டும். 2014 தொடக்கத்தில் கடனில் எடுத்த மஞ்சள் போர்டு டீசல் கார். திண்டிவனத்திலிருந்து சென்னை ஏர்போர்ட், பாண்டிச்சேரி, திருவண்ணாமலை என்று பதினோரு வருஷம் அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. புயலில் ரோடு அடைத்த நாட்களும் அதற்குப் பிறகு சவாரி வராத நாட்களும் சேர்ந்து டிசம்பர் மாதமே இல்லாமல் போய்விட்டது. பெண் பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். தை மாதத்துக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். வண்டியைக் கொடுத்து ஃபீஸைக் கட்டிவிட்டு, கொஞ்ச நாள் ஆக்டிங் டிரைவராகப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். புரோக்கர் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: “மீட்டர் இருட்டா இருந்தா வெள்ளத்துல முங்குன வண்டின்னு பேர் வெச்சிடுவான்.” ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, மீட்டர் யூனிட்டை மொத்தமாக மாற்ற வேண்டும், பத்தொன்பதாயிரம் ஆகும் என்றிருக்கிறார்கள்.

“உங்களால முடியுமா மாமா?”

“கழட்டிப் பாத்தாதான் தெரியும்” என்றேன். இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் அதுதான்.

கற்றுக்கொடுத்தவர் திண்டிவனம் செஞ்சி ரோட்டில் கடை வைத்திருந்த என் வாத்தியார். 1995-இல் பதினேழு வயதில் அவரிடம் சேர்ந்தேன். டேப் ரெக்கார்டர், ரேடியோ, கறுப்பு வெள்ளை டிவி. முதல் ஆறு மாதம் ஈயம் பற்றவைக்க விடவில்லை. பழைய போர்டுகளிலிருந்து கண்டன்சர்களைக் கழற்றி, துடைத்து, அளவு வாரியாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவதுதான் வேலை. புத்தகத்தில் மின்தேக்கி என்று போட்டிருப்பார்கள். எங்கள் கடைகளில் அது எப்போதும் கண்டன்சர்தான். “எலெக்ட்ரானிக்ஸ்ல முக்காவாசி பொருளுக்கு வயசாவறது தெரியாது. கண்டன்சருக்கு மட்டும் மனுஷன் மாதிரி வயசாவும்” என்பார்.

அவர் சொன்னது விளையாட்டு வார்த்தை இல்லை. அந்த உருளைக் கண்டன்சருக்குள் சுருட்டி வைத்த இரண்டு அலுமினியத் தகடு இருக்கும். நடுவில் திரவத்தில் நனைத்த காகிதம். அந்த ஈரம் இருக்கும்வரை அது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மேடு பள்ளமாக வரும் வோல்டேஜைச் சமமாக்கிக் கொடுக்கும். ஈரம் காய்ந்தாலோ ஒழுகினாலோ வேலை நின்றுபோகும். 2003, 2004 வாக்கில் விழுப்புரத்து பிரவுசிங் சென்டர்களில் கம்ப்யூட்டர் போர்டுகள் வரிசையாகப் படுத்தன. திறந்து பார்த்தால் கண்டன்சர்கள் தலை உப்பி நிற்கும். அது எங்கள் ஊர் கரண்டின் குற்றம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷங்களில் உலகம் முழுக்க அதே வியாதி என்பதும், உள்ளே ஊற்றிய திரவத்தின் கலவை சரியில்லாமல் வாயு உண்டாகி மூடியை முட்டியது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த வியாதிதான் எனக்கு விழுப்புரத்தில் தனிக்கடை போட்டுக் கொடுத்தது. 2006-க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தபோது கடை நன்றாக நடந்தது. பிறகு தட்டை டிவி வந்தது. டிவி குறையக் குறைய வண்டி எலெக்ட்ரானிக்ஸ் வர ஆரம்பித்தது. பைக் மீட்டர், ஆட்டோ மீட்டர், கார் மீட்டர்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கி, மேலே இருந்த பிளாஸ்டிக் வளையத்தை எடுத்து, மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் மீட்டர் கையோடு வந்துவிடும். பின்னால் ஒரே ஒரு பெரிய கனெக்டர். மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் புகுந்திருந்தால் சொல்லித்தரத் தேவையில்லை. சேற்று வண்டல் கோடு போட்டிருக்கும், ஸ்க்ரூ துருவேறியிருக்கும், போர்டில் பச்சை பூத்திருக்கும். இங்கே அப்படி ஒன்றுமில்லை. கனெக்டர் பளபளவென்று இருந்தது.

“தண்ணி வரலைடா” என்றேன்.

“பின்ன?”

போர்டை மேசையில் வைத்து, பன்னிரண்டு வோல்ட் சப்ளை கொடுத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் கடையிலேயே கிடந்து போர்டு நன்றாகக் குளிர்ந்திருந்த மறுநாள் காலையில்தான் வியாதி பிடிபட்டது. காரின் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதைப் பதினாலு வரை ஏற்றும். மீட்டருக்குள் இருக்கும் மூளை ஐந்து வோல்ட்டில் வாழ்வது. நடுவில் ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்து பன்னிரண்டையும் பதினாலையும் ஐந்தாக்கும். அந்த ரெகுலேட்டரின் காலடியில் இரண்டு கண்டன்சர். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலும் சொச்சமும் காட்டியது, அதுவும் நிற்காமல் ஆடியது. வீட்டிலிருந்து மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து அந்த இரண்டு கண்டன்சருக்கு மட்டும் சூடு காட்டினேன். அரை நிமிஷத்தில் டிஸ்ப்ளே எரிந்தது. ஐஸ் கட்டியை பாலிதீன் பையில் சுற்றி அதன் தலைமேல் வைத்தேன். அணைந்தது. மறுபடி சூடு. எரிந்தது.

கண்டன்சரில் மிச்சம் இருக்கும் கொஞ்ச ஈரம் குளிரில் இன்னும் மந்தமாகும். சூடு ஏறினால் கொஞ்சம் உயிர் வரும். அதனால்தான் மார்கழிக் காலையில் இருட்டு, பதினோரு மணி வெயிலில் வெளிச்சம். புயல் வந்த சமயத்தில்தான் அந்த வருஷத்தின் முதல் குளிர் வந்தது. பழி புயல்மேல் விழுந்துவிட்டது.

மச்சினனுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த ரகக் கண்டன்சருக்குப் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 105 டிகிரி சூட்டில் 2,000 மணி நேரம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. 95-இல் 4,000. 85-இல் 8,000. 75-இல் 16,000. கத்திரி வெயிலில் நிழலில்லாமல் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். பக்கத்தில் இருக்கும் ரெகுலேட்டரின் சூட்டையும் சேர்த்து 75 என்று வை. ஏர்போர்ட் பார்க்கிங்கிலும் கோயில் வாசலிலும் நீ காத்துக் கிடந்தது நாளைக்கு நாலு மணி நேரம் என்று வை. பதினாறாயிரத்தை நாலால் வகுத்தால் நாலாயிரம் நாள். கிட்டத்தட்ட பதினோரு வருஷம்.

“வெள்ளம் இல்லடா. வெயிலு.”

அவன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நானும்தான் அந்த வெயில்ல நின்னேன்” என்றான்.

கண்டன்சரைக் கழற்றும்போது ஒரு வாடை வந்தது. மரக்காணம் பக்கம் கருவாடு காயும் இடத்தைத் தாண்டும்போது வருமே, அந்த வாடை. ஒழுகிய திரவம் சூடுபட்டால் இப்படித்தான் நாறும். முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய மூக்கு. எங்கே ஒழுகியிருக்கிறது என்று மீட்டருக்கு முன்னால் அது சொல்லிவிடும். இந்தப் போர்டுகளில் இருப்பது காரீயம் கலக்காத ஈயம், உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நாங்கள் கடையில் வைத்திருக்கும் பழைய ரகம் 183-இல் உருகிவிடும். பழையதைக் கொஞ்சம் அதன்மேல் ஏற்றிக் கலந்தால் பிடிவாதம் தளரும். இரண்டு பக்கமும் இரண்டு சால்டரிங் அயர்ன் வைத்துத் தூக்கினேன். அவசரப்பட்டுத் திருகினால் அடியில் இருக்கும் செம்புப் பட்டையோடு வந்துவிடும். ஒரு பட்டையை ஒழுகிய திரவம் ஏற்கெனவே அரித்திருந்தது. சுரண்டி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, தலைமுடி போன்ற ஒரு செம்புக் கம்பியால் பாலம் போட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வைத்திருந்த 105 டிகிரி கண்டன்சர்கள் மூன்று. இரண்டுதான் கெட்டிருந்தது, மூன்றாவதும் அதே வயசு என்பதால் அதையும் மாற்றினேன். பொருள் செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

போர்டு குளிர்ந்த பிறகு சப்ளை கொடுத்தேன். முட்கள் எல்லாம் ஒரு சுற்று போய் வந்து படுத்தன. டிஸ்ப்ளே கறுப்பாக, கூர்மையாக எரிந்தது.

347618.

மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். மச்சினன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷத்தைத்தான் எதிர்பார்த்தேன். அவன் என் தோளில் கையை வைத்தான்.

“மாமா, கையோட இன்னொரு வேலை. இதை ஒரு ஒண்ணரை லட்சம் ஆக்கிடுங்க.”

அந்தப் போர்டில் மூளைக்குப் பக்கத்தில் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன சிப் இருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. வண்டி ஓடிய தூரத்தை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். பேட்டரியைக் கழற்றினாலும் மறக்காது. பத்து லட்சம் தடவை அழித்து எழுதலாம், எழுதியதை நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கும் என்று அதன் தகவல் தாளில் போட்டிருக்கும். நான் மாற்றிய கண்டன்சருக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் தூரம். ஒரு கிளிப், ஒரு லேப்டாப், கால் மணி நேரம். சில வண்டிகளில் இந்த எண்ணை வேறு பெட்டிகளிலும் சேர்த்து வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“எல்லாரும் பண்றதுதான் மாமா. மூணரை லட்சம்னா எவனும் கிட்ட வரமாட்டான். புரோக்கரே சொல்லிட்டாரு, நாப்பது அம்பதாயிரம் வித்தியாசம் வரும்னு. எஞ்சின் நல்லா இருக்கு, உங்களுக்கே தெரியும். யாரையும் ஏமாத்தல. நம்பர் ஒண்ணுதான்.”

நம்பர் ஒன்றுதான் என்பதை நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். கேபிள் வைத்த மீட்டர் காலத்தில் டிரைவர்கள் அடியில் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். நாங்கள் சக்கரங்களைக் கையால் பின்னால் தள்ளிக் கொடுத்திருக்கிறோம். மனுஷன் தூரத்தை எண்ண ஆரம்பித்தது மோட்டாருக்கு ரொம்ப முந்தி. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வண்டியை எழுதி வைத்திருக்கிறார். சக்கரம் 400 சுற்று சுற்றினால் ஒரு மைல். ஒவ்வொரு மைலுக்கும் பல்சக்கரத்தின் துளை வழியாக ஒரு கல் கீழே வெண்கலப் பாத்திரத்தில் விழும். சாயங்காலம் கற்களை எண்ணினால் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும். பாத்திரத்திலிருந்து நாலு கல்லை எடுத்து வெளியே போட அன்றைக்கும் ஆள் இருந்திருப்பான். அமெரிக்காவில் 1972-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

என் தயக்கம் சட்டத்தால் வந்ததில்லை. அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

2013-இல் விழுப்புரத்து புரோக்கர் ஒருவர் ஒரு பெட்ரோல் காரின் மீட்டரைக் கொண்டுவந்தார். ஓடியது 1,12,000. வேண்டியது 48,000. எண்ணூறு ரூபாய் கொடுத்தார். அந்த மாதம் கடை வாடகை பாக்கி. செய்து கொடுத்தேன். அந்த வண்டியை வாங்கியவர் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். என் கடைக்கே டிவி கொண்டுவருபவர். கார் வாங்கிய மகிழ்ச்சியில் ஒருநாள் ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை இருக்கும். எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்து சுற்றுவது அதனால்தான். அறுபதாயிரமோ ஒரு லட்சமோ, வண்டிக்கு வண்டி மாறும், அந்தக் கிலோமீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். பார்த்தால் தேய்ந்தது தெரியாது. மீட்டரில் இருக்கும் எண்ணை நம்பித்தான் மாற்றுவார்கள். வாங்கி எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, குடும்பத்தோடு சென்னையிலிருந்து திரும்பும்போது ஓங்கூருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் அந்தப் பெல்ட் அறுந்தது. யாருக்கும் அடி இல்லை. லாரிகள் போகும் ரோட்டோரத்தில் இரண்டு பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்கள். எஞ்சினுக்குள் வால்வுகள் பிஸ்டனில் அடித்து வளைந்துவிட்டன. செலவு நாற்பத்தைந்தாயிரம். சொசைட்டியில் கடன் வாங்கினார்.

பத்து நாள் கழித்து ரிப்பேருக்குக் கொடுத்த டிவியை எடுக்க வந்தபோது என் எதிரில் இதே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்: “அம்பத்தெட்டாயிரம்தான் சார் ஓடியிருக்கு. லட்சத்துக்குத்தான் மாத்தணும்னு புக்ல போட்டிருக்கான். எப்படி சார் அறுந்துச்சு?”

டிவியின் பின்மூடியைப் போட்டுக்கொண்டே சொன்னேன்: “சில சமயம் அப்படி ஆயிடும் சார்.”

அன்றைக்கு அவரிடம் கூலி வாங்கவில்லை. அதை அவர் என் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டு, பிறகு எத்தனையோ பேரை என் கடைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு நான் எட்டுக்கால் சிப்பைத் தொட்டதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் “அந்த மெஷின் எங்கிட்ட இல்ல” என்று பொய் சொல்லி அனுப்பிவிடுவேன். மச்சினனிடம் அந்தப் பொய் எடுபடாது. மெஷின் அலமாரியில் கிடப்பது அவனுக்குத் தெரியும்.

அவனிடம் இதைச் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அது பெல்ட் வண்டி. நம்மளுது செயின் மாமா” என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவன் வண்டியில் அப்படி அறுவதற்குப் பட்டை கிடையாது. ஆனால் சஸ்பென்ஷன், கிளட்ச், டர்போ என்று எல்லாவற்றுக்கும் வாங்குகிறவன் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுவான். நான் முடியாது என்றேன். அவன் மீட்டரைத் தானே கொண்டுபோய் மாட்டிக்கொண்டு, கூலி என்னவென்றுகூடக் கேட்காமல், இரண்டு நாளில் மெட்ராஸ் போய் வேறு ஆளிடம் முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி என் வீட்டுக்கு வந்துவிட்டது. ராத்திரி சோறு போட்டுவிட்டு என் மனைவி எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

“நீங்க பண்ணது தப்புன்னு சொல்ல வரல. அந்த வாத்தியார் விஷயத்தை எங்கிட்டக்கூட இத்தினி வருஷம் சொல்லல. அது இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்க நேர்மைக்கு என் தம்பி எதுக்குப் பணம் கட்டணும்? நீங்க கட்டுங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. நான் அன்றைக்குத் தின்ற எண்ணூறு ரூபாய்க்கு ஆசிரியர் நாற்பத்தைந்தாயிரம் கட்டினார். இன்றைக்கு என் மனசு சுத்தமாக இருப்பதற்கு ஒரு பெண்ணின் ஃபீஸில் நாற்பதாயிரம் குறையப் போகிறது. இரண்டு தடவையும் பணம் கட்டுவது வேறு யாரோ.

ஒரு லட்ச ரூபாய் சீட்டு ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு ஏ.சி. வைத்து ஒரு நல்ல ஹாட் ஏர் ஸ்டேஷன் வாங்கலாம் என்று. தள்ளுபடி அதிகம் போனாலும் பரவாயில்லை என்று அந்த மாதமே எடுத்தேன். தைப்பொங்கல் முடிந்து திண்டிவனம் போய் நாற்பதாயிரத்தை அவன் பெண் கையில் கொடுத்தேன். அவன் கொல்லையில் இருந்தான், வெளியே வரவில்லை. பிப்ரவரியில் வண்டியைச் செஞ்சிக்காரர் ஒருவருக்கு விற்றான். அக்காளுக்குப் போன் பண்ணிச் சொன்னானாம்: “மாமாகிட்ட சொல்லு, அதே நம்பரோடதான் குடுத்தேன்.” என்னிடம் அவன் நேராகப் பேச இன்னும் நாலு மாதம் ஆனது.

அந்த வேகத்தில்தான் விக்கிரவாண்டிக்குப் போனேன். ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார். சொன்னேன். எண்ணூறு ரூபாய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்ததைக் கவரில் வைத்து எடுத்துப் போயிருந்தேன்.

அவர் கவரைத் தொடவில்லை. ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கார் இப்ப எங்கிட்ட இல்ல. அந்தக் கடனும் அடைச்சாச்சு. மறந்தே போச்சு. பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்து இதைச் சொல்றீங்களே, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சார்? உங்களை நல்லவர்னு நெனச்சிட்டிருந்தேன். அது எனக்கு ஒரு நிம்மதியா இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க.”

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது கவர் சட்டைப் பையில் கனத்தது. மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்துப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. அவர் வீட்டு டிவியை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

ஆடி மாதம் ஒரு மதியம், முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்தார். முப்பது வயசிருக்கும். வெளியே நின்ற வண்டியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நான் ரிப்பேர் செய்யும் ஒவ்வொரு போர்டிலும் தேதியும் கடை நம்பரும் எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். பல்பு மாற்றக் கழற்றியபோது அதைப் பார்த்து வந்திருக்கிறார்.

“மீட்டர்ல எதாவது தொந்தரவா தம்பி?”

“மீட்டர் நல்லா இருக்குண்ணே. ஒரு சந்தேகம். இதுல காட்டுற கிலோமீட்டர் நெஜமா?”

“நெஜம்.”

“வண்டியை ஃபைனான்ஸுக்கு வெக்கப் போனேன். மூணு லட்சத்து அறுபதாயிரம் காட்டுதுன்னதும் சிரிக்கிறாங்கண்ணே. மீட்டரைச் சுத்தியே இவ்ளோன்னா நெஜத்துல ஏழு லட்சம் ஓடியிருக்கும்ங்கறாங்க. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து இத்தனை வருஷம் எண்களைக் குறைத்ததில், குறைக்காத எண்ணுக்கும் மதிப்பு இல்லாமல் போய்விட்டது. அவன் அப்படியே நின்றான்.

“எழுதிக் குடுங்கண்ணே.”

“என்னன்னு?”

“நீங்க அதைத் தொடலேன்னு.”

பில் புக்கை எடுத்தேன். வண்டி நம்பர், தேதி எழுதினேன். பவர் சப்ளை கண்டன்சர் மூன்று மாற்றப்பட்டது, ஒரு டிராக் ஜம்பர் போடப்பட்டது. ரிப்பேருக்கு வந்தபோது காட்டிய கிலோமீட்டர் 347618, திருப்பிக் கொடுத்தபோதும் 347618. கீழே கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையை இரண்டு தடவை மையில் அழுத்தி, ஒரு தடவை குத்தினேன். ஃபைனான்ஸ்காரர் அதை மதிப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவன் மை காயும்வரை ஊதிவிட்டு, நாலாக மடித்து, ஆர்.சி. புத்தக உறைக்குள் வைத்துக்கொண்டான்.

“எவ்ளோண்ணே?”

“ஒண்ணும் வேணாம்” என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, “பத்து ரூபா குடு” என்றேன். கொடுத்தான். அதற்கும் ஒரு பில் போட்டேன்.